வெட்டப்பட்ட இரண்டு சொற்கள்

ஜெர்மனியில் ஒரு மாநிலப் பாராளுமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் வழியே வாகனத் தரிப்பிடம் மட்டும் தெரிகிற ஓர் அறையில் நான் எட்டு வருடம் வேலை செய்தேன். மேலே சபையில் பேசப்படுவதை எழுத்தில் கொண்டுவருவது எங்கள் வேலை. இலங்கையில் ஹன்சார்ட் என்பார்களே, அதுதான். சபையின் நடுவில் சிறிய மேசை போட்டுச் சுருக்கெழுத்தாளர்கள் முறை வைத்து எழுதுவார்கள். பத்து நிமிடம் எழுதியதும் ஒருவர் எழும்பிக் கீழே ஓடி வந்து தன் குறிப்பை வாசிப்பார். நாங்கள் தட்டச்சுச் செய்வோம். யார் கைதட்டினார்கள், யார் சிரித்தார்கள், யார் இடையில் கத்தினார்கள் என்பதெல்லாம் அடைப்புக்குறிக்குள் வரும். கதவைப் பூட்டிக்கொண்டு நடக்கும் குழுக் கூட்டங்கள் ஒலிநாடாவில் வந்து சேரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு அடிக்க வேண்டும்.

சேர்ந்த அன்றே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இங்கே கேட்பது எதையும் வெளியே சொல்லமாட்டேன், எந்தக் கட்சிக்கும் சார்பாக நடக்கமாட்டேன் என்று அதில் இருந்தது. நான் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் பெருமையோடுதான் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி, பிறகு குடியுரிமை என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. அரசாங்க வேலை என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்தபோது அப்பா உயிரோடு இல்லை.

எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஒருவரை முதலில் எனக்குத் தெரிந்தது அவருடைய கையெழுத்தால்தான். சபையில் பேசியவர்களுக்கு நாங்கள் அடித்த பிரதி போகும். பிழை திருத்தி அனுப்புவார்கள். பலர் தங்கள் பேச்சை அங்கே அலங்கரிப்பார்கள். முடிக்காத வாக்கியத்தை முடிப்பார்கள், சொல்லாத நன்றியைச் சேர்ப்பார்கள். இவர் பென்சிலால் சட்டப் பிரிவின் இலக்கத்தை மட்டும் சரிசெய்வார். ஒரு தடவை, தடுமாறிப் பேசிய ஓர் இடத்தை நாங்கள் சீர்செய்து அடித்திருந்தோம். ஓரத்தில் எழுதி அனுப்பினார்: "இதைவிட மோசமாகத்தான் பேசினேன். பேசியபடியே விடுங்கள்."

எதிர்க்கட்சி வரிசையில் இரண்டாவதாக உட்காருவார். அறுபது வயதைத் தாண்டியவர். இடுப்பில் ஏதோ கோளாறு, கைத்தடி வைத்திருந்தார். வுப்பர்டால் நகரத்தில் நாடா நெய்யும் ஆலை ஒன்றில் பதினைந்து வயதில் சேர்ந்து, தொழிற்சங்கத்தில் வளர்ந்து, சபைக்கு வந்தவர் என்று எங்கள் அறைக்கு வரும் மூத்த சுருக்கெழுத்தாளர் சொல்லியிருந்தார். அவர் கொண்டுவந்த பிரேரணைகளையும் திருத்தங்களையும் நான்தான் பெரும்பாலும் அடித்தேன். ஆஸ்பத்திரியில் நோயாளி கையெழுத்திடும் படிவம் அவருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்றார். நிராகரிக்கப்பட்டது. நாடு கடத்துவதற்காகப் பிள்ளைகளை வகுப்பறைக்குள் புகுந்து கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்றார். அப்படி நடப்பதே இல்லை என்றார் அமைச்சர். நிராகரிக்கப்பட்டது. "நிராகரிக்கப்பட்டது" என்ற சொல்லை என் விரல்கள் பார்க்காமலே அடிக்கும்.

"ஏன் திரும்பத் திரும்ப எழும்புகிறார்?" என்று ஒருநாள் மூத்தவரிடம் கேட்டேன்.

"ஒரு வருடம் பொறுத்துப் பார்," என்றார் அவர். "அதே சொல்லை அரசாங்கமே தன்னுடையது என்று கொண்டுவரும். அப்போதும் இந்த அம்மா எழும்பி ஆதரித்து வாக்களிப்பார். முதலில் சொன்னது நான் என்று ஒருபோதும் சொல்லமாட்டார்."

அது உண்மைதான். வகுப்பறை பற்றிய சுற்றறிக்கை பிறகு வந்தது. அதையும் நான்தான் அடித்தேன்.

என் தம்பியைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வந்தபோது தம்பிக்குப் பத்து வயது. இருவருக்கும் சேர்த்து, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கொடுக்க வழியில்லாமல் அவனை அம்மாவோடு விட்டுவிட்டு வந்தோம். அவன் வந்து சேர்ந்தபோது இருபத்துமூன்று. காலம் மாறியிருந்தது, சட்டமும் இறுகியிருந்தது. அவனுடைய அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேன்முறையீடும் மறுக்கப்பட்டது. கையில் மிஞ்சியது டுல்டுங் என்கிற ஒரு மடித்த கடதாசி. இங்கே இருக்க உரிமை இல்லை, இப்போதைக்கு அனுப்பாமல் பொறுத்துக்கொள்கிறோம் என்பது அதன் பொருள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் நாங்கள். என்னிடம் மெரூன் நிறப் பாஸ்போட், அவனிடம் அந்தக் கடதாசி.

என் வீட்டில் இருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி, சிறிய நகரம் ஒன்றில் அகதிகளைத் தங்கவைக்கும் ஹைம் என்கிற விடுதி இருந்தது. அங்கே ஒரு அறையில் மூன்று பேரோடு எட்டு வருடம் இருந்தான். வேலை செய்ய அனுமதி கேட்டு எழுதிய கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதினேன். அனுமதி கிடைக்கவில்லை. ஹைமில் பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று, இரண்டு பெண்பிள்ளைகளோடு. அந்தப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியது, காலையில் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது எல்லாம் இவன்தான். அவனுக்கு நாள் போக வேண்டுமே.

ஊரில் மறுபடி சண்டை தொடங்கிய வருடம், அந்த உறுப்பினர் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். இலங்கைத் தமிழர்களை ஆறு மாதத்துக்கு இந்த மாநிலத்தில் இருந்து திருப்பி அனுப்பக் கூடாது, "குடும்பங்களும் தனி நபர்களும்" இதில் அடங்குவர் என்று. ஜெர்மன் மொழியில் பிரேரணைக்கும் விண்ணப்பத்துக்கும் ஒரே சொல், அன்ட்ராக். தம்பியின் அன்ட்ராக் எத்தனையோ அடித்திருக்கிறேன். இந்த அன்ட்ராக்கை அடிக்கும்போது எழுத்துப் பிழை விட்டுத் திருத்தி, மறுபடி பிழை விட்டேன்.

சபையில் அவருக்கு ஐந்து நிமிடம். நான் மேலே போகவில்லை, போகவும் கூடாது. மூத்தவர் கீழே வந்து வாசித்தார். யாழ்ப்பாணத்துக்குப் போகும் தரைப்பாதை மூடப்பட்டிருக்கிறது, திருப்பி அனுப்பப்படுகிறவர்களை எந்த வீட்டுக்கு அனுப்புகிறீர்கள் என்று அந்த உறுப்பினர் கேட்டிருந்தார். கொழும்பு வீடல்ல, விமான நிலையம் என்றிருந்தார். ஆளுங்கட்சி வரிசையில் இருந்து ஒருவர் கத்தியிருந்தார்: "எல்லாருக்கும் இதே கதைதான்!" உறுப்பினர் பேச்சை நிறுத்தி, "ஆம், எல்லாருக்கும். அதைத்தான் நானும் சொல்கிறேன்," என்று பதில் சொல்லியிருந்தார். அடைப்புக்குறி போட்டேன். எதிர்க்கட்சி வரிசையில் கைதட்டல்.

பிரேரணை நேரே நிராகரிக்கப்படவில்லை. குழுவுக்கு அனுப்பப்பட்டது. அதுவே பெரிய விஷயம் என்றார் மூத்தவர்.

அச்சான பிரதியை யாரும் வாசிக்கலாம். அதனால் சனிக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தபோது எடுத்துக் காட்டினேன். சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"வாசியுங்கோ அக்கா. முதல்ல இருந்து."

ஒரு வரி ஜெர்மனில், ஒரு வரி தமிழில் என்று வாசித்தேன். குறுக்கே கத்திய இடத்தில் நான் தயங்க, அவன் விடவில்லை.

"அதில என்ன எழுதியிருக்கு? அதையும் சொல்லுங்கோ."

சொன்னேன். அதற்கு அவர் கொடுத்த பதிலையும் சொன்னேன். சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கனகாலம் பார்க்கவில்லை.

"கெட்டிக்கார மனுசி," என்றான். "எங்கட ஆக்களுக்கு உவ ஏன் இவ்வளவு பாடுபடுறா? உவவுக்கு எங்களால ஒரு வாக்குமில்லை."

"எனக்கும் தெரியாதடா."

"நீங்கள் ஒருநாளும் கதைக்கேல்லையோ?"

"ஏலாது. வேலையிடத்தில அப்பிடிக் கதைக்கக் கூடாது."

வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவனுடைய பொறுப்பதிகாரி, பாராளுமன்றம் முடிவு சொல்லும்வரை பார்ப்போம் என்று சொல்லி ஒரு மாதம் ஒரு மாதமாக நீட்டித்தார். அந்த இலையுதிர்காலம் முழுவதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "குழு கூடிட்டுதோ?" என்பதுதான். அம்மாவும் கேட்டா. தொலைபேசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து, இரைச்சலுக்கு நடுவில், "அந்த அம்மாவுக்காகக் கோயில்ல நேர்த்தி வைச்சிருக்கிறன் பிள்ளை," என்றா. நானும் நம்பினேன். வேறு எதைச் செய்வது?

குழு கூடியது ஒரு திங்கட்கிழமை. ஒலிநாடா செவ்வாய்க்கிழமை காலை என் மேசைக்கு வந்தது. அறையில் வேறு ஆறு பேர் இருக்க அது எனக்கு வந்தது தற்செயல்தான்.

முதல் ஒரு மணித்தியாலம் வழமைபோலப் போனது. பிறகு ஆளுங்கட்சியின் பேச்சாளர் சொன்னார்: பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் என்றால் எங்கள் பக்கத்தில் சிலர் சம்மதிக்கக் கூடும். தனி ஆண்கள் என்றால் முடியாது. "தனி நபர்களும்" என்பதை எடுத்துவிட்டால் வியாழக்கிழமை சபையில் நிறைவேற்றலாம். எடுக்காவிட்டால் முழுவதையும் நிராகரிப்போம்.

அதற்குப் பிறகு நாடாவில் சத்தம் இல்லை. நாடா நின்றுவிட்டதோ என்று பெடலை இரண்டு தடவை மிதித்துப் பார்த்தேன். நிற்கவில்லை. யாரோ கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. கதிரை நகர்ந்தது. பிறகு அவருடைய குரல், மிகத் தாழ்வாக: "எடுத்துவிடுங்கள்."

மறுபடி கேட்டேன். மூன்றாம் தடவையும் கேட்டேன். எழுத்தில் அது ஒரு சின்ன வாக்கியம். அடித்தேன். அதற்குக் கீழே திருத்திய வாசகம் வரவேண்டும். "குடும்பங்கள்" என்று அடித்து முற்றுப்புள்ளி வைத்தேன். எழும்பிக் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குத் தம்பிக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின், வரச்சொல்லிக் குறித்த நேரம், இருந்தது. கடதாசி நீட்டிக்கும் வழமையான டெர்மின்தான். ஆனால் பாராளுமன்றம் முடிவு சொல்லும்வரை என்று சொன்ன அதிகாரிக்கு இனிக் காத்திருக்கக் காரணம் இல்லை. டெர்மினுக்குப் போன இடத்தில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன கதைகள் எல்லாருக்கும் தெரியும். போகாமல் விட்டால் தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள். பிறகு எந்தக் கதவும் திறக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவன் தொலைபேசி எடுத்தான்.

"குழு கூடிட்டுதோ அக்கா?"

"ஓம்."

"என்னவாம்?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"இன்னும் அச்சாகேல்ல," என்றேன்.

"உங்களுக்கும் தெரியாதோ?"

"தெரியாது."

அந்தப் பொய்யை ஏன் சொன்னேன் என்று இத்தனை வருடத்தில் எத்தனையோ விதமாக எனக்கு நானே விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட தாள் ஒரு காரணம். வேலை போய்விடும் என்ற பயம். அவன் எங்கேயாவது ஓடிவிடுவான் என்ற பயம். எல்லாம் உண்மைதான், எதுவும் போதாது.

புதன்கிழமை காலை, செய்யக் கூடாததைச் செய்தேன். மூன்றாம் மாடியில் அவருடைய அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். மேசை முழுவதும் கோப்புகள். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நான் கீழே தட்டச்சு அறையில் இருக்கிறேன்," என்றேன். "உங்கள் குழுக் கூட்டத்தை அடித்தது நான்."

"ஏதாவது பிழையா?"

"இல்லை. நீங்கள் எடுத்துவிட்ட இரண்டு சொற்களில் என் தம்பி இருந்தான்."

அவர் எழும்ப முயன்றார். கைத்தடி விழுந்தது. நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"வாக்குகளை எண்ணிப் பார்த்தேன்," என்றார். "முழுதாக வைத்திருந்தால் எல்லாருக்கும் தோல்வி. உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். சொன்னால் பொய்யாக இருக்கும். அதில் உங்கள் தம்பி போன்றவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துதான் விட்டேன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு அவனுக்கு டெர்மின்."

அவர் முகம் மாறியது. உடனே தொலைபேசியை எடுத்தார். பத்து நிமிடத்தில் மனு ஒன்று எழுதினார். பாராளுமன்றத்தின் மனுக் குழுவுக்கு, என் தம்பியின் பெயரில். அதன் பிரதியை வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் பக்ஸ் இயந்திரத்தில் அனுப்பினார். மனு நிலுவையில் இருக்கும்போது பெரும்பாலான அலுவலகங்கள் காத்திருக்கும், ஆனால் காத்திருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை என்றார்.

"நீங்கள் நாளைக்கு அவனோடு வருவீர்களா?" என்று கேட்டேன். ஒரு உறுப்பினர் பக்கத்தில் நின்றால் கை வைக்கமாட்டார்கள் என்று எனக்கு எண்ணம்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "நாளைக்குப் பத்தரைக்கு வாக்கெடுப்பு. எங்கள் பக்கம் இருவர் நோயில். ஆளுங்கட்சியில் ஆதரிக்கிறேன் என்றவர்களில் சிலர் கடைசி நேரத்தில் பின்வாங்கினால் ஒரு வாக்கில் தோற்றுப்போகும்."

"அப்படியென்றால் வரமாட்டீர்கள்."

"வரமாட்டேன்."

அந்த நிமிடம் அவரை நான் வெறுத்தேன். சரியாகத்தான் சொல்கிறார் என்று தெரிந்ததால் இன்னும் வெறுத்தேன்.

தம்பிக்கு மனுவைப் பற்றிச் சொன்னேன். அந்த அம்மாவே உனக்காக எழுதியிருக்கிறா, பயப்படாமல் போவோம், நானும் வாறன் என்றேன். குழுவில் நடந்ததைச் சொல்லவில்லை. அவனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "என்ர பேரை எழுதினவவோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

வியாழக்கிழமை நான் சுகமில்லை என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், இலக்கம் வரும்வரை நீல நிற நீள வாங்கில் உட்கார்ந்திருந்தோம். அவன் நான் கொடுத்த வெள்ளைச் சேட் போட்டிருந்தான். இலக்கம் வந்தது. இருவரும் எழும்பினோம். வாசலில் நின்ற பெண், விண்ணப்பதாரர் மட்டும் என்றார்.

"நான் அக்கா. மொழிபெயர்க்க வந்தேன்."

"அவருக்கு ஜெர்மன் விளங்கும்தானே?"

"விளங்கும்," என்றான் தம்பி. அதில் அவனுக்கு ஒரு பெருமை. ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் தந்தான். "உள்ளுக்கை வெக்கையா இருக்கும் அக்கா. வாறன்."

பதினைந்து நிமிடத்தில் வருகிறவன் அரை மணித்தியாலமாகியும் வரவில்லை. தட்டினேன். காத்திருக்கச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் ஆனது. கடைசியில் ஒருவர் வந்து, உங்கள் தம்பி வேறு வழியால் போய்விட்டார் என்றார். எங்கே என்றேன். நாடு கடத்தும்வரை வைத்திருக்கும் இடத்தின் பெயரைச் சொன்னார். மனு வந்ததே என்றேன். வந்தது, பார்த்தோம், அதற்குத் தடுக்கும் வலு இல்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். நான் அவனுடைய ஜாக்கெட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றேன். வெளியே குளிர். சேட்டோடு போயிருக்கிறான் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. "ஜாக்கெட்டையாவது கொண்டுபோய்க் கொடுங்கள்," என்று கெஞ்சினேன். அது தங்கள் வேலை இல்லை என்றார்.

பத்தரைக்கு நடந்த வாக்கெடுப்பில் பிரேரணை நிறைவேறியது. அதை அடுத்த நாள் அச்சில் பார்த்தேன். எதிர்க்கட்சிப் பிரேரணை ஒன்று அந்தச் சபையில் நிறைவேறியதை நான் வேலை செய்த காலத்தில் அன்றுதான் கண்டேன்.

தடுத்துவைக்கும் இடத்துக்குச் சனிக்கிழமை போனேன். எனக்கு முன்னமே அந்த உறுப்பினர் வந்திருந்தார். பஸ் நிற்கும் இடத்தில் இருந்து மேட்டில் நடந்து வந்திருக்க வேண்டும். முகம் வெளிறியிருந்தது. மூவரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம், மூலையில் ஒரு காவலர். தம்பி எழும்பி இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தான். படித்து வைத்திருந்த ஜெர்மனில் நன்றி சொன்னான்.

"எனக்கு நன்றி சொல்லாதீர்கள்," என்றார் அவர். பிறகு நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார். திங்கட்கிழமை குழுவில் கேட்டது, தான் விட்டுக்கொடுத்தது, ஏன் விட்டுக்கொடுத்தது என்பதெல்லாம். மெதுவாக, எளிய சொற்களில் சொன்னார். தம்பி தலையாட்டிக் கேட்டான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பக்கத்து அறைக் குடும்பம்? அந்தப் பிள்ளைகள்?"

"அவர்கள் இருக்கலாம்."

"நல்லது," என்றான் ஜெர்மனில்.

பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டான்.

"திங்கக்கிழமையோ குழு கூடினது?"

"ஓம்."

"நீங்களோ அக்கா அடிச்சனீங்கள்?"

தலையாட்டினேன்.

"செவ்வாய்க்கிழமை நான் கேக்கேக்க உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுமடா."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. கையை மேசையில் இருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவ்வளவுதான். நான் கொண்டுபோன ஜாக்கெட்டை வாங்கினான். "குளிருது இங்க," என்றான். அந்த உறுப்பினருக்கு மொழி தெரியாது. ஆனாலும் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டு வாரத்தில் அவனை அனுப்பினார்கள். நாங்கள் வைத்த வழக்கறிஞர் கடைசியாகப் போட்ட மனுவுக்குப் பதில் வரும் முன்னமே விமானம் போய்விட்டது. கொழும்பு விமான நிலையத்தில் இரண்டு நாள் விசாரித்துவிட்டு விட்டார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போகப் பாதை இல்லை. கொழும்பிலேயே, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினான். ஞாயிறு தோறும் நான் தொலைபேசி எடுப்பேன். "பரவாயில்லை," என்பான். எதைக் கேட்டாலும் அதுதான் பதில்.

அதற்கடுத்த கேள்வி நேரத்தில் அந்த உறுப்பினர் எழும்பினார். பிரேரணை நிறைவேறிய பிறகு இலங்கைக்கு அனுப்பப்பட்ட தனி ஆண்கள் எத்தனை பேர் என்று அமைச்சரிடம் கேட்டார். கையில் விபரம் இல்லை என்றார் அமைச்சர். "ஒருவரை எனக்குத் தெரியும்," என்று தொடங்கி, பெயர் சொல்லாமல், எட்டு வருடம், பள்ளிக்கூட பஸ், வெள்ளைச் சேட் எல்லாவற்றையும் சொன்னார். மூத்தவர் குறிப்போடு கீழே வந்து, என் மேசையருகில் நின்று, "இதை வேறு யாருக்காவது கொடுக்கட்டுமா?" என்றார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

"வாசியுங்கள்," என்றேன்.

கடைசிப் பகுதி இப்படி இருந்தது: "அந்த இரண்டு சொற்களை எடுக்கச் சம்மதித்தவள் நான். அமைச்சரை மட்டும் குற்றம் சொல்ல நான் எழும்பவில்லை. என் பெயரும் இந்தப் பதிவில் இருக்கட்டும்." அடைப்புக்குறிக்குள் போட எதுவும் இல்லை. யாரும் கைதட்டவில்லை, யாரும் கத்தவில்லை. அவருடைய கட்சிக்காரர்களுக்கே அது பிடிக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். வென்ற ஒரே விஷயத்தையும் தோல்விபோலப் பேசிவிட்டார் என்றார்களாம். பிரதி திருத்தத்துக்குப் போனது. ஒரு கீறலும் இல்லாமல் திரும்பி வந்தது.

லொட்ஜில் நடந்த பொலிஸ் சுற்றிவளைப்பு ஒன்றில் தம்பியைப் பிடித்துக்கொண்டு போன செய்தி அடுத்த வருடம் வந்தது. பதினான்கு மாதம் அவன் எங்கே என்று சரியாகத் தெரியவில்லை. ஒரு தடவை காலிச் சிறை என்றார்கள், இன்னொரு தடவை பூசா தடுப்பு முகாம் என்றார்கள். அந்த உறுப்பினர் வெளிநாட்டு அமைச்சுக்கும் தூதரகத்துக்கும் எழுதிய கடிதங்களின் பிரதிகள் உறையில் என் மேசைக்கு வரும். பதில்களும் வரும். எல்லாம் மரியாதையான பதில்கள். அந்த மாதங்களில் நான் எப்படி வேலை செய்தேன் என்று இப்போது நினைவில்லை. விரல்கள் அடித்தன. நாளில் ஒருமுறை அந்தக் கழிப்பறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அவன் உள்ளே இருந்தபோதுதான் அரசாங்கம் புதிய ஆணை ஒன்றைச் சபையில் வைத்தது. நீண்ட காலம் இந்த மாநிலத்தில் இருந்தவர்கள், குடும்பங்கள் ஆனாலும் தனி நபர்கள் ஆனாலும், இருக்கலாம் என்று. அதே இரண்டு சொற்கள். ஆளுங்கட்சி நீளமாகக் கைதட்டியது. அவருக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஆதரித்து வாக்களிக்கிறேன் என்று ஒரே வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார். மிச்ச நேரத்தைப் பயன்படுத்தவில்லை.

தம்பி வெளியே வந்து, பாதை திறந்த பிறகு, அம்மாவிடம் போய்ச் சேர்ந்தான். நான் தொலைபேசி எடுத்தால் அம்மாதான் கதைப்பா. "பின்னுக்குத் தோட்டத்தில நிக்கிறான் பிள்ளை," என்பா. பெரும்பாலும் அவன் தோட்டத்தில்தான் நிற்கிறான்.

அடுத்த தேர்தலில் கட்சி அந்த உறுப்பினருக்குப் பட்டியலில் இடம் கொடுக்கவில்லை. அறையைக் காலி செய்யும் நாளில் நான் மூன்றாம் மாடிக்குப் போனேன். பெட்டிகளில் சட்டமூலங்கள், திருத்தங்கள், ஓரங்களில் பென்சில். உதவிக்கு ஆள் வரத் தாமதம் என்றார். ஒரு பெட்டியை நான் தூக்கினேன், கைத்தடியோடு அவர் பின்னால் வந்தார். லிஃப்ட் வரும்வரை நின்றோம்.

"உங்கள் தம்பி நன்றாகச் சாப்பிடுகிறாரா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அவனோடு கதைத்து ஏழு மாதம்.

"சாப்பிடுகிறான்," என்றேன்.

லிஃப்ட் கதவு திறந்தது. பெட்டியை உள்ளே வைத்தேன். அவர் நன்றி சொன்னார். நான் படியால் இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போனேன். பிற்பகல் அமர்வு தொடங்கியிருந்தது. மூத்தவர் குறிப்போடு வந்து காத்துக்கொண்டிருந்தார்.